நார்பெர்ட் தன் மனைவியை ஏரிக்கு அழைத்துப் போனது

“கனமெல்லாம் ஒண்ணும் இல்ல. மடியிலயே வெச்சுக்கலாம்,” என்றார் நார்பெர்ட்.

கனமா என்று யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பன்றித் தொடைக்கறி ஒன்று போதுமா, இரண்டு சொல்லவா என்றுதான் மைத்துனி லொரெயின் கேட்டிருந்தாள். நார்பெர்ட்டின் கை, சாப்பாட்டு மேசை மேல் இருந்த மரப்பெட்டியின் மூடியில் கிடந்தது. பெட்டிக்குள் இருந்தது அவருடைய மனைவி கிளெண்டா, லொரெயினின் அக்கா. ஜனவரியில் போனவளின் சாம்பல்.

“யார் மடியில?”

“காருல. நான் ஓட்டணும்ல. பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டு வெச்சாலும் வளைவுல சாயும்.”

“கல்லறைத் தோட்டம் நாலு தெரு தள்ளி இருக்கு, நார்ப். இதுக்கு எதுக்கு மடி?”

“கல்லறைக்கு இல்ல. வடக்க, ஏரிக்கு. இதுங்க அடங்குற வரைக்கும்.”

இதுங்க என்று அவர் கையைக் காட்டிய பக்கம் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு இருந்தது, தெருவெங்கும் சத்தம் இருந்தது. சின்சினாட்டியின் மேற்குப் புறநகரில் எல்லா வீட்டு முற்றத்திலும் மண் பொத்தல் பொத்தலாகிப் பதினேழு வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்பும் சில்வண்டுகள் வெளியே வந்துவிட்டிருந்தன. தபால் பெட்டியில், கார் கண்ணாடியில், துணிக்கொடியில், நாயின் வாயில், எங்கே பார்த்தாலும் அவைதான். சிவப்புக் கண், கருத்த உடம்பு, ஆரஞ்சு நரம்போடிய சிறகு. மரத்துக்கு மரம் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கத்தின.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு,” என்றாள் லொரெயின். “ஃபாதர் கிட்ட சொல்லியாச்சு. ஓரிகன்ல இருந்து உன் பையன் கர்ட் பிளைட் டிக்கெட் எடுத்துட்டான். நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு. இப்ப ஏரிக்குப் போறானாம்!”

“போறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்.”

 

நார்பெர்ட் வெஸ்லிங் சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருஷம் கொப்பரைகளுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவில் நின்றதில் காது பாதி போய்விட்டது. சில்வண்டுச் சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. காலையில் கெட்டா வேண்டும், ஓட்ஸும் பன்றிக்கறியும் சேர்த்து ஓரம் கருகப் பொரித்தது. சாயங்காலம் ரேடியோவில் பேஸ்பால் வேண்டும். அதிகம் பேசமாட்டார். ‘செய்றேன்’ என்று லேசில் சொல்லமாட்டார். கூரை ஒழுகுகிறது என்றால், “பாப்போம்” என்பார். ஆனால் மறுநாள் ஏணி சாத்தியிருக்கும். ஐம்பது வருஷக் குடும்பத்தில் அவர் வாய்விட்டுக் கொடுத்த வாக்கு இரண்டே இரண்டு. ஒன்று பலிபீடத்துக்கு முன்னால் கொடுத்தது. மற்றது இந்தச் சில்வண்டு விஷயம்.

கிளெண்டாவுக்குச் சில்வண்டு என்றால் உயிர் போய்விடும். இந்த ஊர்க்காரர்கள் சில்வண்டு வருஷத்தில் மே, ஜூனில் திறந்தவெளிக் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தாய்மார்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துத்தான் தேதி குறிப்பார்கள். நார்பெர்ட்டுக்கோ ராணுவத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது, இலையுதிர் காலம் வரை காத்திருக்க நேரமில்லை. எழுபதாம் வருஷம் ஜூனில் கோயில் வாசலில் போட்டோவுக்கு நின்றபோது ஒன்று அவளுடைய முகத்திரைக்குள் புகுந்துகொண்டது. அந்தப் போட்டோவில் மாப்பிள்ளை சிரிக்கிறார், மணப்பெண் வாயைப் பிளந்து அலறுகிறாள். அதைத்தான் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும், “யம்மா, புருஷன் மூஞ்சிய அப்பத்தான் மொதல்ல பாத்தியா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அடுத்த தடவை வந்தபோது ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு நிலவறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடை கண்ணிக்கெல்லாம் நார்பெர்ட்தான் போனார். அதற்கும் அடுத்த தடவை, அவள் காரோட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உள்ளே வந்து கழுத்தில் உட்கார்ந்தது. கார் நேரே போய் மேப்பிள் மரத்தில் மோதியது. கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே அழுதாள். வலிக்காக இல்லை. ஜன்னலுக்கு வெளியே அங்கேயும் கத்திக்கொண்டிருந்தன.

அப்போதுதான் நார்பெர்ட் சொன்னார்: “அடுத்த தடவ வர்றப்ப, ஒண்ணுகூட உன் காதுல விழாத இடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போறேன். எல்லாம் செத்து அடங்குனப்புறம்தான் திரும்புவோம்.”

பதினேழு வருஷம் அவள் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள். ஜனவரியில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவரை உள்ளே விடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் பனியில் நின்றுகொண்டு போனில்தான் பேசினார். நர்ஸ் போனை அவள் காதருகே பிடித்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் கிளெண்டா கேட்டாள்: “இந்த வருஷம் சில்வண்டு வருதுல்ல? எடம் பாத்துட்டியா?”

“மே மாசம்தான வருது. நீ மொதல்ல வீட்டுக்கு வா,” என்றார்.

அவள் பெட்டியில்தான் வந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் தொற்றுக் கட்டுப்பாட்டால் கோயிலுக்குள் பத்துப் பேருக்கு மேல் கூட முடியாது. எல்லாக் குடும்பமும் வசந்தம் வரட்டும், வெளியில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று அடக்கத்தைத் தள்ளிப்போட்டன. லொரெயின் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை என்றாள். நார்பெர்ட் தலையாட்டினார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனும் செய்யாத தப்பு அது. துக்கத்தில் இருக்கிறவனுக்கு மே மாதமும் ஒன்றுதான், மார்ச் மாதமும் ஒன்றுதான். ஏப்ரலில் தக்காளி நாற்று நட மண்ணைக் கொத்தியபோது மண்வெட்டியோடு ஒரு பிடி வெளுத்த குஞ்சுகள் மேலே வந்தன. சிவப்புக் கண்ணால் அவரைப் பார்த்தன. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் தக்காளி நடவில்லை. லொரெயினிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தைரியம் வரவில்லை. கடைசியில் அடக்கத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மடி, பெட்டி என்று ஆரம்பிக்கிறார்.

லொரெயின் சாவிக்கொத்தை எடுத்தாள். “வா, எழுந்திரு. கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம். அங்க ரெண்டு மரம்தான் இருக்கு. நீயா மனசுல பெருசு பண்ணிக்கிட்டிருக்க. நாலு செபம், ரெண்டு பாட்டு, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். அக்கா செத்துட்டா, நார்ப். அவளுக்கு எப்படிக் கேக்கும்?”

“எனக்குக் கேக்குமே.”

“உனக்கா! நான் கூப்பிட்டாலே உனக்குக் கேக்காது.”

போனார்கள். ரெண்டு மரம் என்றாள் அல்லவா, ரெண்டும் கிழட்டு ஓக் மரங்கள். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே நின்றவை. கிளெண்டாவுக்கென்று கயிறு கட்டிவைத்திருந்த துண்டு நிலம் சரியாக அவற்றின் நிழலில் இருந்தது. அந்த மண்ணில் விரல் நுழைகிற ஓட்டைகள், சல்லடை மாதிரி. கல்லறைக் கற்களிலெல்லாம் கழற்றிப்போட்ட தோல்கள், முதுகு பிளந்து, இன்னும் கல்லைப் பற்றிக்கொண்டு. காலடியில் நொறுங்கின. சத்தம் மேலேயிருந்து இறங்கவில்லை, நாலா பக்கமும் சுவர் மாதிரி எழும்பி நின்றது. லொரெயின் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற நார்பெர்ட்டுக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது. அவள் அவர் காதோரம் வந்து கத்த வேண்டியிருந்தது.

“ஃபாதர் படிக்கிறது யாருக்குக் கேக்கும்னு சொன்னேன்!”

நார்பெர்ட் கயிற்றின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சிறகு கசங்காமல், அப்பால் விட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்தால் இரண்டு வந்தன. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அக்காளை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவள் லொரெயின். சிறுமியாக இருந்தபோது செத்த சில்வண்டைத் தலையணைக்கடியில் வைத்தவள். அந்தக் கிழவரின் குனிந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். கதவை அடைத்ததும் சொன்னாள்:

“கறிய இப்பச் சொல்லல. எல்லாருக்கும் நானே போன் பண்ணிக்கிறேன். நீ பேசினா எவனுக்கும் ஒண்ணும் புரியாது.”

“லொரெயின்...”

“பேசாத. மடியில வெச்சுக்க ஆள் வேணும்னுதான சொன்ன? என் மடி இருக்கு.”

கர்ட்டுக்கு மட்டும் நார்பெர்ட் போன் செய்தார். அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. “ஜூலைல வர்றோம்ப்பா. பாப்பாவும் அதுக்குள்ள கொஞ்சம் தேறிடுவா,” என்றான். பிறகு, “அம்மாவுக்கு ஏரி பிடிக்கும்,” என்றான்.

வடக்கே போகிற சாலையில் போனார்கள். லொரெயின் மடியில் பெட்டி, பெட்டி மேல் அவள் கைப்பை. ஊருக்கு ஊர் ஜன்னலை இறக்கிக் கேட்டார்கள். டேட்டன் தாண்டியும் கத்தல் விடவில்லை. ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது அமைதியாக இருந்தது. சோளக்கொல்லையில் காற்று மட்டும் வீசியது. நார்பெர்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூரத்தில், கொல்லைக்கு அப்பால் இருந்த தோப்பில், மெல்லியதாக ஒன்று எழும்பியது.

“அது எங்கயோ இருக்கு. இது போதும், நார்ப். இங்கயே ரூம் எடுப்போம், எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு.”

“எனக்கே கேக்குது பாரு. செவிட்டுக் காதுக்கே கேக்குது.”

திரும்ப வண்டியை எடுத்தார். ஏரிக்கரை வந்துதான் நிறுத்தினார். அங்கே அலைச்சத்தம் தவிர வேறில்லை. விடுதிக்காரப் பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். நார்பெர்ட், “மூணு,” என்றார். லொரெயின் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, “ரெண்டு பேர், ரெண்டு ரூம். இந்த ஆளு எண்ணத் தெரியாம வளந்துட்டாரு,” என்றாள்.

பெட்டியை ஏரி தெரிகிற ஜன்னலோரம் வைத்தார்கள். காலையில் நார்பெர்ட் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார். சாயங்காலம் பொரித்த மீன். அவர் பேசமாட்டார், லொரெயின் நிறுத்தமாட்டாள். இப்படியே ஜூன் பாதி ஓடியது.

ஒருநாள் விடிந்தபோது அறை இருட்டாகவே இருந்தது. லொரெயின் வந்து கதவைத் தட்டி, வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஏரியிலிருந்து ஈசல் மாதிரி, ஒருநாளே உயிர் வாழும் பூச்சிகள் கிளம்பி, ஜன்னல், சுவர், விளக்குக் கம்பம், கார் எல்லாவற்றையும் மூடியிருந்தன. வருஷா வருஷம் அங்கே நடக்கிறதுதான். விடுதிக்காரி மண்வாரியால் தள்ளிக்கொண்டிருந்தாள். லொரெயினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்ததில் அழுகையும் வந்துவிட்டது.

“இதுக்கா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த? அவ இருந்திருந்தா உன்னத் தோலுரிச்சிருப்பா!”

நார்பெர்ட் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். “சத்தம் போடல,” என்றார். ஆனாலும் திரையை இழுத்து மூடிவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மெதுவாகக் கேட்டாள்: “ஒண்ணு யோசிச்சியா நார்ப்? கடைசில மண்ணுக்குள்ளதான போகணும். அங்க பதினேழு வருஷமும் அதுங்க நடுவுலதான கெடப்பா?”

அன்று பகல் முழுக்க அவர் சாப்பிடவில்லை. அவர் மனதில் அது முள்ளாய்த் தைத்துவிட்டது என்று தெரிந்து லொரெயின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருட்டும் நேரம் கரையில் நடந்துவிட்டு வந்து சொன்னார்: “உள்ள இருக்கறப்ப அதுங்க வாயத் தொறக்காது. வெளிய வந்து கத்துறப்ப நானும் பக்கத்துல போய்ச் சேந்திருப்பேன். அவ கையப் பிடிச்சுக்குவேன்.” பிறகு, “மீன் இருக்கா?” என்றார்.

ஜூலையில் திரும்பி வந்தார்கள். ஊர் அடங்கியிருந்தது. ஓக் மரங்களின் கிளை நுனியெல்லாம் சில்வண்டுகள் முட்டையிட்டதில் காய்ந்து தொங்கின. மழை பெய்து ஓட்டைகள் பாதி மூடியிருந்தன. கர்ட்டும் அவன் மனைவியும் குழந்தை மேபலோடு வந்திருந்தார்கள். அது வெண்ணெயில் செய்த மாதிரி ஒரு குழந்தை. கழுத்து இருக்கிற இடம் தெரியாமல் மடிப்பு, பாதம் இரண்டும் சுட்ட பன்னு மாதிரி. கொட்டாவி விட்டால் ஊரே நின்று பார்க்கும். கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் நார்பெர்ட் ஒரு கையில் அதையும் மறு கையில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தார், யார் கேட்டும் இரண்டையும் கொடுக்கவில்லை. குழிக்கருகில் வந்ததும் குழந்தையை லொரெயினிடம் கொடுத்தார். பெட்டியை மண்டியிட்டு அவரே இறக்கினார்.

ஃபாதர் படித்தது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முடிந்ததும் கர்ட், “ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா,” என்றான். பேசமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முழங்கால் மண்ணைத் தட்டாமலே எழுந்து நின்று, வந்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார்.

“லேட்டானதுக்கு மன்னிச்சுக்குங்க,” என்றார். “அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது.”