தரையைத் தட்டிக் கூப்பிடாதீர்கள்

அக்லயாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அடிக்கடி பூமி ஆடும் ஃபோக்ஷானி நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கான எங்கள் விடுதிப் பள்ளியில் பதினாறு வருடங்களாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குக் காது கேட்கும். அப்பா, அம்மா இருவருக்கும் கேட்காது. அதனால் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றவள்.

எங்களிடம் ஒருவரை முதுகுப் பக்கமிருந்து கூப்பிட வேண்டுமென்றால் பலகைத் தரையைக் காலால் ஓங்கித் தட்டுவோம். அதிர்வு போய்ச் சேரும்; ஆள் திரும்பிப் பார்ப்பார். தொண்ணூறாம் ஆண்டு மே மாதம் பூமி ஆடியபோது அக்லயாவின் அம்மா சமையலறையில் நின்றிருந்தார். மகள்தான் தட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பி, "என்னடி வேணும், வேலையா இருக்கேன்ல" என்று கையால் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் பாத்திர அலமாரி தோளில் சாய்ந்தது. எலும்பு சேர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை ஒரு கையால் பேசினார். திட்டு மட்டும் குறையவில்லை.

போன செப்டம்பரில் சபின் வந்து சேர்ந்தான். ஏழு வயது. காது கேட்காது, கால்களும் நிற்காது, சக்கர நாற்காலி. பூமி ஆடினால் மற்ற பிள்ளைகள் மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்வார்கள். அவன் இரண்டு சக்கரங்களையும் பூட்டி, குனிந்து, ஒரு திண்டைத் தலைக்கும் கழுத்துக்கும் மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்லயா கடிகாரம் பார்த்தாள். ஆறு வினாடி. அது போதும் என்றாள்.

ஆனால் எங்கள் பயிற்சியில் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் சொல்வோம். நிஜமாக ஆடும்போது யார் வந்து விளக்கைப் போடப்போகிறார்கள்? ஒரு நாள் சொல்லாமல் பெரிய மாணவர்கள் நாலு பேரைப் பக்கத்து அறையில் குதிக்க வைத்தாள். சபின் இடது பக்கம் திரும்பி யாரென்று பார்த்தான். பிறகு வலது பக்கம் திரும்பினான். யாருமில்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஐந்து வினாடி ஆயிற்று.

மறுநாள் இயக்குநர் ஹரலாம்பியிடம் போய், இனி பள்ளியில் யாரும் தரையைத் தட்டக் கூடாது என்றாள். அவரும் காது கேளாதவர், இதே பள்ளியில் படித்தவர். தன் ஆசிரியர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஊரிலுள்ள எல்லாக் காது கேளாதோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நெடுநேரம் விளக்கினார்.

"என் பெஞ்சாதியவே அப்படித்தான் முதல்ல கூப்பிட்டேன்."

"அவங்களுக்குத் திரும்பிப் பார்க்க நேரம் இருந்துச்சு சார். சபினுக்கு இல்ல."

"அப்ப எப்படிக் கூப்பிடறது? கடுதாசி போடவா?"

"நடந்து போயி தோளைத் தொடுங்க. நாலடி நடந்தா உங்களுக்கும் நல்லது."

அவர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். ஈஸ்டர் வரை பார்க்கலாம் என்றார்.

அக்லயா ஒரு விதி வைத்தாள். யார் தட்டினாலும், தட்டியவர் உட்பட அந்த அறையிலுள்ள எல்லோரும் மேசைக்கடியில் போக வேண்டும். முதல் வாரத்தில் இயக்குநர் நான்கு முறை போனார். கணக்கு வாத்தியாருக்குக் கால்சட்டை கிழிந்தது. பிப்ரவரிக்குள் எல்லோரும் நடக்கப் பழகிவிட்டோம்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம், புளிப்பு சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது பூமி ஆடியது. ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு பேர் மேசைக்கடியில் போனார்கள். சபின் சக்கரங்களைப் பூட்டிக் குனிந்தான். கூரையிலிருந்து உள்ளங்கை அகலக் காரை ஒன்று பெயர்ந்து அவன் தலைக்கு மேலிருந்த திண்டில் விழுந்து தூளாயிற்று.

ஆட்டம் நின்றது. குனிந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதை யாரும் யோசித்து வைக்கவில்லை. இயக்குநர் சந்தோஷத்தில் தரையைத் தட்டினார். பிள்ளைகள் மேசைக் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னும் பலமாகத் தட்டினார். மிச்சமிருந்த சூப்பும் கொட்டியது.

அக்லயா தவழ்ந்து வெளியே வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு தோளாகத் தொட்டாள். கடைசியில் சபின். திண்டை இறக்கிவிட்டு அவன் கையால் கேட்டான்:

"அத்தை, ரெண்டாவதா வந்துச்சே, அதுதான் பெருசா?"

"இல்லடா. அது டைரக்டர் சார்."

சபின் அவரைப் பார்த்தான். ஒரு சக்கரத்தின் பூட்டை மட்டும் எடுத்தான். அவர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.