ஐயனாருக்கு நான் எழுதிய விமர்சனம்

ஓவிய விமர்சகன் வேலையில் ஒரு சௌகரியம், உனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. நாவலும் எழுதுகிறவன் என்றால், வேறு வேலை கிடைக்கவில்லை போல என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, பாகூர்ப் பக்கம் நான் பட்டதைக் கேளுங்கள்.

நாவலுக்கு வந்த மதிப்புரை

கலியபெருமாள் எங்கள் ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர், கரும்பு விவசாயி. என் புது நாவலைக் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டு, அதில் வரும் பண்ணையார் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தார். எல்லாம் கற்பனை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ அம்மாம் பக்கமும் பொய்யா? பத்திரிகையில எழுதறியே, அதாவது நெசம்தானப்பா?"

வெள்ளைக் கண்

நிஜம்தான் என்றேன். வினை அங்கேதான் பிடித்தது.

கும்பாபிஷேகத்துக்காக எங்கள் ஐயனார் சிலைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார் தண்டபாணி. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் போய்ப் பார்த்துவிட்டு, மாதப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். மீசையைப் புகழ்ந்தேன். 'கண்களில் உயிரில்லை, வெறும் வெள்ளை' என்று ஒரு வரியும் போட்டேன். அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

கலியபெருமாள் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கமிட்டியில் வாசித்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து வேறு ஆளை வரவழைக்கலாம் என்று பேச்சு. பாதியில் நிறுத்தப்பட்ட ஆளைச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கோயில் கூப்பிடும்? தண்டபாணி என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. மெதுவாகத்தான் பேசினார்.

"கண்ணு கடைசியாதான் சார் தொறப்போம், கும்பாபிஷேகத்தன்னிக்கு விடியக்காலையில. அதுவரைக்கும் வெள்ளையாதான் இருக்கும்."

கமிட்டி முன்னால்

வெட்கமாக இருந்தது. அன்றைக்கே கமிட்டி முன்னால் போய் நின்று, அரைகுறை வேலையைப் பார்த்து எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது, தண்டபாணியே முடிக்கட்டும் என்றேன். கண் திறப்பு கடைசியில்தான் என்று ஊரில் ஒருவருக்குமா தெரியாது என்றும் கேட்டேன். கலியபெருமாள்தான் பதில் சொன்னார்.

"தெரியாம இன்னா? அச்சுல வந்துடுச்சேன்னு நாங்களே சந்தேகப்பட்டுட்டோம்."

முதல் பார்வை

தண்டபாணியே முடித்தார். கண் திறந்ததும் விழுகிற முதல் பார்வை உக்கிரமானது, மனிதர்மேல் படக்கூடாது என்று எதிரே ஒரு கண்ணாடியை வைத்திருந்தார்கள். நன்றாகப் பார்க்க வேண்டுமென்று நான் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். சாரத்தின் மேலிருந்து தண்டபாணி திரும்பிப் பார்த்தார்.

"சாமி மொதல்ல உங்களப் பாக்கட்டும்னு எனக்கும் ஆசைதான் சார். புள்ளகுட்டிக்காரரு, தள்ளி நில்லுங்க."

இப்போதெல்லாம் எவ்வளவு பெரிய ஓவியர் கண்காட்சி வைத்தாலும், வேலை முடிந்துவிட்டதா என்று அவரிடமே கேட்டுக்கொண்டுதான் எழுத உட்காருகிறேன்.