ஏறாமல் பார்க்கிற கோட்டை

செஞ்சிக்கோட்டைக்கு வருகிறவர்களை ராஜகிரி மலை உச்சிவரை அழைத்துப்போய் வரலாறு சொல்வதுதான் அஃப்ஷானின் வேலை. அங்கே இருந்த வழிகாட்டிகளில் அவள் ஒருத்திதான் பெண். போன ஐப்பசியில், தூறலில் நனைந்த படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்த டாக்டர், சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், மலை மட்டும் கூடாது என்றார்.

கணவன் யாசர் வேன் ஓட்டுகிறவன். கோட்டை வாசலில் ஜூஸ் கடை போட்டுத் தருவதாகச் சொன்னான்.

"எனக்குக் கோட்டைய சுத்திக்காட்டத்தான் தெரியும். கடையில உக்காந்துகினு மலையப் பாத்துனே இருக்க என்னால முடியாது," என்றாள் அவள்.

கால் தேறியதும் வாசலுக்குத் திரும்பினாள். உச்சிக்கு வரமாட்டாள் என்று தெரிந்ததும் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாண்டுரங்கனிடம் போனார்கள். பல வருஷமாக அவளோடு வழிகாட்டியாக இருப்பவர் அவர். தன் கூட்டத்துக்கு டிக்கெட் வாங்கித்தரும் வேலையையாவது செய்யச் சொன்னார். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் தனியாக ஏறிப்பார்த்தாள். முதல் திருப்பத்திலேயே முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

அந்த வாரமே கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். பாதிப் பேர் பாண்டுரங்கனோடு மலையேறினார்கள். மீதிப் பேர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு பஸ்ஸிலேயே இருந்துவிட்டார்கள். அஃப்ஷான் வெகுநேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஏறி, ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள்.

முன்சீட்டில் ஊன்றுகோலோடு இருந்த கமலாம்பாள் டீச்சர், "முட்டி ஒத்துக்கலம்மா. அவங்க வர்ற வரைக்கும் இப்படியே இருந்துடுறோம்," என்றார்.

"எனக்குந்தாம்மா ஒத்துக்கல. ஏறவே வேணாம். கீழயே பாக்க அவ்ளோ இருக்குது. வாங்க, மெதுவா போலாம்."

இறங்கினார்கள். கல்யாண மகாலின் நிழலில் அவர்களை உட்காரவைத்து, மாடிக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் போன விதத்தைச் சொன்னாள். கால் வலித்தபோது அவளும் உட்கார்ந்துகொண்டே பேசினாள். நெற்களஞ்சியத்துக்குள் கணக்கு வாத்தியார் ஒருவர் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல, சுவர்கள் திருப்பிச் சொல்லின. எல்லாரும் சிரித்தார்கள். கமலாம்பாள் மட்டும் வெளியே நின்றார். வாசல் கல் உயரமாக இருந்தது. அவரால் கால் தூக்கி வைக்க முடியவில்லை.

அது அஃப்ஷானின் மனதை அரித்தது. யாசரிடம் சொல்லி, அந்த வாசல் கல்மேல் சரிவாகப் போட ஒரு மரப்பலகை செய்யச் சொன்னாள். கோட்டை அலுவலகத்தில் முதலில் மறுத்தார்கள். புராதனக் கல்லில் கை வைக்கக்கூடாது என்றார்கள். ஆணி அடிக்கமாட்டேன், ஆட்கள் போய்வந்ததும் எடுத்துவிடுவேன் என்று அவள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். கடைசியில் சம்மதித்தார்கள். ஏற முடியாதவர்களைப் பாண்டுரங்கன் இப்போது அவளிடமே அனுப்புகிறார். சில நாள் ஒருவரும் வருவதில்லை. அன்றைக்கும் அவள் வாசலில் நிற்கிறாள்.

போன வாரம் மேல்சித்தாமூரிலிருந்து எழில் என்பவர் சக்கர நாற்காலியில் வந்தார். பக்கத்து ஊர்தான் என்றாலும் இத்தனை வருஷமும் கோட்டையை ரோட்டிலிருந்தே பார்த்தவர். நெற்களஞ்சிய வாசல் பலகையில் முதல் தள்ளலில் சக்கரம் சறுக்கியது. அஃப்ஷானும் யாசரும் சேர்ந்து தள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் வழக்கம்போல் வரலாறு சொல்ல ஆரம்பித்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா? நானா சுத்திப் பாக்கறேன்," என்றார் எழில்.

அஃப்ஷான் சுவரில் சாய்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.