கிரோக் பாயும் என் முதுகும்

என் முதுகைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கியர்பாக்ஸைத் தனியாகத் தூக்கியிருக்கக் கூடாது என்றார் கராஜ் முதலாளி. ஆட்களை நிறுத்திவிட்டு மூன்று பேர் வேலையை என் தலையில் கட்டியவரே அவர்தான். துணைக்கு யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கியர்பாக்ஸைத் தூக்கிய அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தீவில், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்து, பூர்வகுடி ஆயுதக்காரர்கள் பார்லிமென்டில் ஆட்களைப் பிடித்து வைத்திருந்த சமயம் அது. இரண்டு வாரம் கழித்து, வோட்டுவாலேவில் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் அமைதி காக்க வேண்டும் என்று ரேடியோக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

அதே வாரம் என் மனைவிக்கு ஆக்லாந்திலிருந்து கடிதம் வந்தது. அவள் நர்ஸ். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, குடும்பத்துக்கும் விசா, பதில் சொல்ல மூன்று மாத அவகாசம். குடும்பத்தில் எல்லோரும் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். நானோ செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாமல் நின்றேன்.

"உங்க முதுகு சரியாவட்டும், சேர்ந்தே போவோம். உங்கள விட்டுட்டு நான் மட்டும் போவ மாட்டேன்," என்றாள்.

எனக்கும் போக ஆசைதான். விரட்டினால் ஓடுகிறவனா நான் என்று வெளியில் வீறாப்புப் பேசினாலும், ராத்திரி கல் விழுமோ என்று ஜன்னலுக்குப் பலகை அடித்தவன் நான்தானே.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. டாக்டர் என்னைப் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார். அவள் இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். அப்போதிருந்த கோபத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. என் விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் இந்தியிலேயே கேட்டாள்: "வயிற்றை ஏன் இப்படி இறுக்கி வைத்திருக்கிறாய்? யாராவது அடிக்கப் போகிறார்களா?"

"உன் ஆட்களைத்தான் கேட்க வேண்டும்," என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. தன் புருஷனும் ரோட்டில் தடுப்புப் போட்டவர்களோடு போய் உட்கார்ந்திருப்பதாகவும், தானும் தூங்கி மூன்று வாரம் ஆகிறது என்றும் சொன்னாள். பயந்தவன் உடம்பு நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கிற மாதிரி நிற்கும், சதை விடாமல் பிடித்தபடியே இருந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும், வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் இன்னும் இறுகும் என்றாள். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விட வேண்டும். செய்தி ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். முக்கியமாக, சம்மணம் போட்டுக் கூனிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரவே கூடாது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நாடு பற்றி எரிகிறது, இவள் மூச்சு விடச் சொல்கிறாள்! வலிப்பது என் முதுகு, எனக்கென்ன பைத்தியமா?

நடக்கக் கிளம்பியவன் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தேன். அங்கே நாலு மணிக்கே பாய் விரித்து, யங்கோனா வேரை இடித்துத் துணியில் பிழிந்த கிரோக் தயாராக இருக்கும். ஒரு தடவை கை தட்டி, சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். முதலில் நாக்கு மரத்துப்போகும். நாலைந்து சிரட்டைக்குப் பிறகு முதுகு இருப்பதே தெரியாது. இதுதான் மருந்து என்று நம்பினேன், மடையன். சம்மணம் போட்டு மூன்று மணி நேரம் கூனிக்கொண்டு, யாருக்கு விசா வந்தது, யார் வீட்டை உடைத்தார்கள் என்பதையே அரைத்துக்கொண்டிருப்போம். காலையில் கட்டிலை விட்டு எழப் பத்து நிமிஷம் ஆகும்.

மனைவிக்கு மாலை ஷிஃப்ட். "இன்னிக்கு நடந்தீங்களா?" என்று மறுநாள் கேட்பாள். "நடந்தேன்," என்பேன். ஐந்து வாரம், முகம் பார்த்துச் சொன்ன பொய்.

பிறகு பாயில் ஆள் குறைந்தது. ஒருவர் சிட்னிக்குப் போனார், ஒருவர் கனடாவுக்கு. கடைசியில் கொட்டகைக்காரரே வீட்டைப் பூட்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். உட்கார வேறு இடமில்லை. வேண்டாவெறுப்பாக ஏர்போர்ட் ரோட்டில் நடந்தேன். ஆத்திரத்தில் நடந்தேன், மூச்சைத் திட்டித் திட்டி வெளியே விட்டேன். இரண்டாவது வாரம் தோள் தானாக இறங்கியது. மூன்றாவது வாரம் குனிந்து செருப்பு மாட்டினேன். அவளிடம் சொல்லவில்லை; அவள் எதிரில் பழையபடி விறைத்தே நடந்தேன். சொன்னால் முந்தைய வாரங்களின் கதையும் வெளியே வருமே. முழுதாகச் சரியானதும் செய்தே காட்டிவிடலாம் என்று வீம்பு.

ஒரு சனிக்கிழமை காலையில் புது கேஸ் சிலிண்டரை முற்றத்திலிருந்து தூக்கி வந்து, அடுக்களையில் அவள் முன்னால் வைத்து நிமிர்ந்தேன். பாராட்டுவாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "எப்ப சரியாச்சு?"

"இப்பத்தான். கடுதாசிக்கு இன்னும் நாள் இருக்கு, எழுதிப் போடு."

"வேண்டாம்னு போன வாரமே ஃபேக்ஸ் பண்ணிட்டேன். வேற ஆள எடுத்துட்டாங்க."

என் குரல் எகிறியது. என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம், யார் கொடுத்த அதிகாரம் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"ஏழெட்டு வாரம் தெனமும் நடந்தும் கொஞ்சம்கூடக் கொறையலியே. உள்ள ஏதோ பெருசா இருக்கு, பரிசோதனைல தேற மாட்டீங்க, அத உங்க வாயால சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான்."

சிலிண்டரைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

"நான் நடக்கல," என்றேன்.

"பின்ன எங்க போனீங்க?"

"பக்கத்து வீட்டுக் கொட்டாய்க்கு. கிரோக் குடிக்க."

"தெனமுமா?" என்றாள்.

"தெனமும்."