திருவொற்றியூரில் ஏறிய பந்தாட்டக்காரர்

மெயிலுக்கு வழிவிட எங்கள் பாசஞ்சர் வண்டி திருவொற்றியூரில் நிற்கிறது. பிளாட்பாரத்தில் உப்புக் காற்று. இறங்கி நிற்கும் என்னிடம் ஒருவர் கடிதத்தை நீட்டுகிறார்.

"இங்கிலீஸ் படிப்பீங்களா சார்? தபால்காரரு 'வரச் சொல்லிக்கீறாங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுப் பூட்டாரு."

பெயர் ஏழுமலை. எந்தக் கால்பந்துக் குழுவுக்கு ஆள் தேவையோ அங்கே போய் ஆடுவதுதான் பிழைப்பு. இங்கே துறைமுகக் குழு, அப்புறம் ரங்கூன், கொழும்பு என்று பதினைந்து வருடம் முன்வரிசையில் ஓடியவர். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. இப்போது கல்கத்தாவில் ஒரு சணல் மில் கூப்பிடுகிறது. வழியனுப்ப வந்த மனைவி பக்கத்தில் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறாள்.

நான் படித்துச் சொல்கிறேன்: முன்வரிசைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார், கோல் காக்கச் சம்மதமானால் வரலாம்.

அவர் கடிதத்தை வாங்கி மடிக்கிறார். மடித்துக்கொண்டே இருக்கிறார்.

"வூட்டுக்குப் போலாம் வாய்யா," என்கிறாள் மனைவி. "கோல்ல நின்னு பழக்கமா கீது உனக்கு?"

மெயில் தடதடவென்று கடந்து போகிறது. எங்கள் கார்டு விசில் ஊத, நான் ஏறிக்கொள்கிறேன். ஏழுமலை அவளிடமிருந்து பெட்டியை வாங்கி உள்ளே வைக்கிறார். நொண்டியபடியே ஏறி, வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்.

"இத்தினி வருசமா ஓடிக்கினே இருந்தேன். ஒரு ஆட்டத்தயும் முழுசாப் பாத்ததில்ல. அங்க நின்னா பாக்கலாம் இல்ல?"

வண்டி நகர்கிறது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே நடக்கிறாள்.

"வேடிக்க பாத்துக்கினு நிக்காதய்யா," என்று கத்துகிறாள். "பந்தப் புடி!"