பதினோரு மோட்டார்கள் நின்ற ஊர்

காலை 6.10. பொம்மிடி ரயில் நிலையத்தில் என்னோடு இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். முந்தைய இரவு சென்னையில் ஏறியவள். எதிர்ப் படுக்கைக்காரர் விட்ட குறட்டையை அளக்கப் பையில் கருவி இருந்தது, பொறுமைதான் இல்லை. வெளியே பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் உயிர் வந்தது.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கென ஒரு குவாண்டம் கணினி ஆராய்ச்சி மையம் வரப்போகிறது. அதற்கு ஆலோசனை சொல்ல ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழு உண்டு. அதில் கடைசி நாற்காலி என்னுடையது. மற்ற நால்வரும் இயற்பியல்காரர்கள். நான் மண் அதிர்வைப் படித்தவள். இந்தக் கணினி தொட்டாற்சுருங்கிச் செடி மாதிரி. பக்கத்தில் ஒரு லாரி போனால் போதும், கணக்கு கலைந்துவிடும். அதனால் அதன் நுட்பமான ஆய்வுக்கூடத்துக்கு அசையாத மண் தேவை. ஆறு இடங்களில் அளந்து, பாப்பாரப்பட்டிக்கு அப்பால் ஒரு புறம்போக்கு நிலத்தை முதலிடத்தில் வைத்தேன். 'இத்தனை அமைதியான மண்ணை என் முப்பது வருட வேலையில் பார்த்ததில்லை' என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு, பேனா அதைவிட நீளம். இன்று மாலை மூன்று மணிக் கூட்டத்தில் குழு கையெழுத்துப் போட்டால், என் பேச்சை நம்பி அங்கே கட்டடம் எழும்பும். அதற்கு முன் குழுத் தலைவரோடு நிலத்தை நேரில் பார்க்கவே வந்தேன்.

6.40. நாள் வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் பேசி வந்த காரின் ஓட்டுநர் பெயர் முருகேசன், அதியமான்கோட்டைக்காரர். தர்மபுரி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். இடப்பக்கம் சேர்வராயன் மலை கூடவே வந்தது. வெயில் ஏறாத நேரம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"மேடம், நீங்க சொன்ன அந்தக் கம்ப்யூட்டரு வந்தா நம்ம பசங்களுக்கு வேலை கெடைக்குங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பேருக்குக் கிடைக்கும்."

"செக்யூரிட்டி வேலை மட்டும்னு சொல்லிடாதீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு அருகில் இட்லி, வடை. காரச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

9.20. பாப்பாரப்பட்டிச் சந்தைத் தெருவைத் தாண்டி நாலு கிலோமீட்டர் மண் சாலை. நிலத்தில் காலை வைத்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. பாறையும் சரளையும், ஓரத்தில் நாலு புளியமரம், சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள். ஒரு சத்தமும் இல்லை. முக்காலியில் கைக்கருவியை வைத்துப் பார்த்தேன். திரையில் கோடு படுத்துக் கிடந்தது. அந்த நேரம் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. முருகேசனைக் கூப்பிட்டுக் காட்டி, அவருக்குப் புரியாத நாலு பெருமையும் பேசினேன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் சொம்பு நிறைய மோரோடு வந்தார். சரோஜா, நாற்பத்தைந்து வயதிருக்கும், அரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறார்.

"குடிங்கக்கா. வெயில்ல நிக்கறீங்க. போன வாட்டி மிசினு வெச்சுட்டுப் போனது உங்காளுங்கதானுங்களே?"

"ஆமாங்க. எங்க டெக்னீஷியன்தான்."

"நல்ல மனுசன். இது ரொம்ப நுணுக்கமான மிசினுங்க, மண்ணு ஆடக் கூடாது, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். மூணு நாளும் ஒருத்தரும் கெணத்து மோட்டரு போடலீங்க. பதினோரு மோட்டரு. டிராக்டரக்கூட மண்ரோட்டுல வுடல, சுத்தி அந்தப் பக்கமாப் போவச் சொன்னோம்."

மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"இன்னிக்கு?" என்றேன்.

"இன்னிக்கும் போடலீங்க. பெரியவங்க வராங்கன்னு ரெவின்யூ ஆபீஸ்ல சொன்னாங்களே. ஒம்போதுக்கே மோட்டரு ஓட்டற த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சு, ஆனா ஒரு வூட்லயும் சுவிச்சத் தொடல." சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் அளந்தது மண்ணின் அமைதியை அல்ல. அந்தக் கருவி வேலி, கம்பி எதுவும் இல்லாமல் மூன்று நாள் பத்திரமாக இருந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். பட்டணத்து ஆய்வுக்கூடத்தில் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் யாரும் பார்த்துக்கொள்வதில்லை. அந்த நினைப்பில்தான் எங்கள் ஆளும் சொல்லியிருப்பார், நானும் விசாரிக்காமல் விட்டிருக்கிறேன்.

முருகேசன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "வுடுங்க மேடம். அந்தம்மா சொன்னது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஊருக்கு ஒரு நல்லது வருது."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் அறிக்கை, என் முப்பது வருடம், எல்லார் எதிரிலும் மூக்குடைபடுவது. ஆனால் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய பிறகு ஒருநாள் சரோஜா சுவிட்சைப் போடுவார். அப்போது அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது என் வயதுக்காரர்கள் இல்லை, இன்று கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள்.

10.45. பெங்களூரிலிருந்து குழுத் தலைவர் காரில் வந்து இறங்கினார். கன்னடக்காரர், தமிழும் வரும். அவர் கைகுலுக்கி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தள்ளிப் போட்டால் மென்று முழுங்கிவிடுவேன் என்று எனக்கே என்னைத் தெரியும்.

"ஹௌதா? அப்படியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சரோஜாவைப் பார்த்து, "எல்லா மோட்டாரும் போடச் சொல்ல முடியுமா அம்மா?" என்றார்.

சரோஜா கைப்பேசியில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, மோட்டரு போடுங்க... ஆமாங்க, நெசமாத்தான் சொல்றேன்... அவங்களேதான் போடச் சொல்றாங்க." பத்து நிமிடத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று சத்தம் எழுந்தது. படுத்துக் கிடந்த கோடு எழுந்து உட்கார்ந்தது. ஏழாவது மோட்டாருக்கு எங்கள் வரம்பைத் தொட்டது. பதினொன்றுக்கு அதைத் தாண்டி நின்றது.

தலைவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மிச்ச மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல வேளை மேடம், கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி இந்த மோரைக் குடிச்சீங்க" என்றார். மதியம் தர்மபுரியில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

3.00. தர்மபுரி அரசு அலுவலகம் ஒன்றில் கூட்டம். மற்ற மூவரும் காணொளியில். முதலிடத்தில் இருந்த ஊர்ப் பெயரை என் கையாலேயே அடித்துவிட்டேன். அளவீட்டை ரத்து செய்யக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டார். விவசாயிகள் எங்கள் மேல் வைத்த மரியாதை என்றேன். அதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று அவரே திருப்பிக் கேட்டார். கடைசியில் ஆறு இடங்களிலும் மறுபடி அளப்பது என்று முடிவானது, இரண்டு வாரம், எல்லா மோட்டாரும் ஓட. மற்ற ஐந்து ஊர்களிலும் யார் எதை நிறுத்தி வைத்தார்களோ.

4.30. ரயிலுக்கு நேரம் இருந்தது. வழி சுற்றுதான், ஆனாலும் சரோஜாவிடம் நேரில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இங்கே வருமா வராதான்னு இன்னும் தெரியலைங்க. திரும்ப அளக்கணும்."

மண்வெட்டியை ஊன்றி நின்றார். "நாங்க இன்னுங் கொஞ்சம் அமைதியா இருந்துருந்தா கெடைச்சிருக்குங்களாக்கா? ரோட்டுல தார் போட்டு ஒரு பஸ்ஸு வுடுவாங்கன்னு பேசிக்கிட்டு இருந்தோம்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. தப்பு என்னோடது. அடுத்த வாட்டி நாங்க வர்றப்போ, நாங்க வராத மாதிரியே இருங்க. அதுதான் எங்களுக்குச் செய்யற உதவி."

"வந்தவங்களுக்கு மோருகூடக் குடுக்கக் கூடாதுங்களா?"

"மோர் கொடுங்க. மோட்டாரும் போடுங்க."

அதற்குச் சரி என்றார்.

மறுநாள் காலை சென்னை. மேல்மாடிக்காரர் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக, நான் வீட்டிலிருந்து காணொளிக் கூட்டத்தில் பேசுகிற அரை மணி நேரம் மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சிரிப்பார், நிறுத்த மாட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, பதினைந்து வருடத்தில் நானும் இந்தக் குடியிருப்பில் யாருக்காகவும் எதையும் நிறுத்தியதில்லை.

அலுவலகத்துக்கு அனுப்பிய திருத்த அறிக்கையில் ஒரு விஷயத்துக்கு இடம் கிடைக்கவில்லை. கிளம்பும்போது சரோஜாவின் தோட்டத்தை நன்றாகப் பார்த்தேன். நடுவில் இரண்டு பாத்தியில் செடிகள் இலை பழுத்துக் காய்ந்து கிடந்தன. எப்போது காய்ந்தன என்று கேட்டேன். "அந்த மூணு நாள்லதாங்க. அது போனாப் போவுதுங்கக்கா" என்றார். காலையிலிருந்து அவ்வளவு பேசியவர், நானாகக் கேட்கும்வரை அதை மட்டும் சொல்லவில்லை.