பாதி விலை ரிவால்வர்

துப்பாக்கி வாங்கப் புருஷனோடு கடைக்குப் போன பெண்கள் மலாக்காவில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது, நான் போனேன். சும்மா போகவில்லை, சண்டை போட்டுவிட்டுத்தான் போனேன். "கறிகாய் வாங்கவா போறோம்? நீ எதுக்கு?" என்று கேட்டார். "சொத்தைக் கத்திரிக்காயையே உங்களுக்குப் பார்த்து வாங்கத் தெரியாது, அதனாலதான் வர்றேன்" என்றேன். 

மலாயா சுதந்திரத்துக்கு ஐந்தாறு வருடம் முந்திய காலம் அது. காஜா பேராங்கில் செட்டிகள் குடியிருப்புக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து டிரெஸர். அதாவது டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். மோட்டார் சைக்கிளில் மூன்று தோட்டங்களுக்குப் போய் ஊசி போடுவார், புண்ணுக்குக் கட்டுவார். மூன்றாவது தோட்டம் ஜொகூர் எல்லைப் பக்கம். பாதையின் இரண்டு பக்கமும் காடு.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை, அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் ஒருநாள் அவரை வழிமறித்து, மருந்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் துப்பாக்கி லைசன்ஸுக்கு எழுதிப் போட்டார். தோட்டத்துத் துரை சிபாரிசு செய்ததால் அதுவும் கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காலையில் போகிற மனுஷன் சாயங்காலம் உயிரோடு திரும்பி வரவேண்டும். அதற்குத் துப்பாக்கி உதவும் என்றால் வாங்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைக்காரர் வயதான சீனர். மேசைமேல் துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது புத்தம்புது பிஸ்டல், தட்டையாக, பளபளவென்று இருந்தது. விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டாவது, பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய ரிவால்வர். அதைத் தூக்கிப் பிடித்தபோது அவர் மணிக்கட்டு ஆடியது. ஊசி பிடிக்கிற கை, பாவம், அந்தப் பாரத்துக்குப் பழகியதில்லை. மூன்றாவது சின்ன ரிவால்வர், யாரோ வைத்திருந்தது. பிடியின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"முதல் தடவை வாங்குறவங்களுக்கு இதுதான் நல்லது" என்று கடைக்காரர் மலாயில் சொன்னார். பிஸ்டல் என்றால் முதலில் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளவேண்டும், குண்டு சிக்கிக்கொள்ளும், ஆயிரம் தொல்லை. ரிவால்வருக்கு விசையை இழுத்தால் போதும். புதியதின் விலையில் பாதிகூட இல்லை. என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி, குண்டில்லாமல் விசையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கைக்குப் பாந்தமாக இருந்தது. தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்ட பையன் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"இது யாருடையது?" என்று நான் கேட்டேன்.

உஜோங் பாசிரில் இருந்த தோட்டத்தில் கணக்கெழுதிய ஒரு கிராணியுடையது, அவர் பெண்சாதி விற்றுவிட்டாள் என்றார் கடைக்காரர். கிராணிக்கு என்ன ஆயிற்று என்றேன். அவர் துணியை மடித்தபடி, "மாத்தி" என்றார். செத்துவிட்டார் என்பதற்கு மலாயில் அந்த ஒரு வார்த்தைதான்.

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தவன் இடுப்புல இருந்ததையா உங்க இடுப்புல கட்டப்போறீங்க? ராசி கெட்ட சாமான், வேணாங்க!" என்றேன். "படிச்ச மனுஷன்கிட்ட ராசி கீசின்னு பேசாதே. கையில இருக்கிற காசுக்கு இதுதான்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார்.

நான் விடுகிற ஆளா? மறுநாள் அவர் தோட்டத்துக்குப் போனதும் பஸ் ஏறி உஜோங் பாசிருக்குப் போனேன். கிராணி வீட்டைக் கேட்டதும் காட்டிவிட்டார்கள். அந்த அம்மாள் தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தத் துப்பாக்கி ராசியில்லாததான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் கோபப்படவில்லை. மெஷினை மட்டும் நிறுத்தினார்.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல தங்கச்சி. அது வாங்குறதுக்கு முந்தி அவர ரெண்டு தடவ மறிச்சாங்க. டின் பாலையும் டார்ச் லைட்டையும் பிடுங்கிக்கிட்டு, போடான்னு விட்டுட்டாங்க. அது இடுப்புக்கு வந்தப்புறம் மறுபடியும் மறிச்சாங்க. எப்பவும் கையைத் தூக்குற மனுஷன், அன்னைக்குக் கையை இடுப்புக்குக் கொண்டுபோனாராம். கூட இருந்த டிரைவர்தான் சொன்னான். உறையோட பொத்தானைக்கூட இன்னும் கழட்டல, அதுக்குள்ள சுட்டுட்டானுங்க. பின்னால பட்டாள லாரி சத்தம் கேட்டு அவனுங்க ஓடிட்டானுங்க. அதனாலதான் அது என் கைக்கு வந்திச்சு."

 அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததைப் பக்கத்தில் இருந்த மலாய்க்காரி பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் வந்து குளித்ததும், கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். கத்தாமல் சொன்னேன், அதுவே பெரிது.

"அந்தக் கிராணிக்குப் பழக்கம் இல்ல. நான் சுட்டுப் பழகிட்டுத்தான் போவேன்" என்றார்.

"அன்னைக்கு உங்கள மறிச்சவங்க எத்தனை பேரு?"

"ஏழெட்டு."

"எல்லாரையும் சுட்டுட்டு வந்துருவீங்களா?"

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடியும் போட்டார். பேசியபோது குரலே மாறியிருந்தது.

"உனக்குத் தெரியாது. பையை மட்டுமா எடுத்தானுங்க? ரோட்டு நடுவுல என்னை முட்டி போட வச்சானுங்க. சின்னப் பயலுங்க. ஒருத்தன் சிரிச்சான். மறுபடியும் போடச் சொன்னா நான் என்ன பண்றது?"

இதற்காகத்தான் லைசன்ஸ், இதற்காகத்தான் அந்த இரண்டு நாள் மௌனம்.  அந்தப் பயல்கள் கையில் கிடைத்திருந்தால் கிழித்திருப்பேன். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போடுங்க" என்றேன். "நூறு தடவ சொன்னாலும் போடுங்க. எந்திரிச்சு வீட்டுக்கு வாங்க. எனக்கு நீங்க வேணும்."

அவர் திங்கட்கிழமை கடைப் பக்கம் போகவில்லை. லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்குத் துரை முகத்தைச் சுளித்தாராம், சுளிக்கட்டும்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மருந்துப் பை இல்லை. காற்சட்டையின் இரண்டு முழங்காலிலும் செம்மண். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "கை கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டை எடுத்தேன்.